தணிக்கை செய்பவர் பணம் வாங்கக் கூடாது

எங்கள் கல்குவாரித் தொழிலாளர் சங்கத்துக்கு என்னைத் தணிக்கையாளனாகப் போட்டபோது எனக்கு இருந்த ஒரே தகுதி, எழுத்து அழகாக இருக்கும் என்பதுதான். கூட்டல் சுமார். பெருக்கலுக்குச் செல்போன் உண்டு. நேர்மையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பார்க்கும் வேலையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு மலையை எங்கள் முதலாளி குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மலையில் பாதி இன்று சத்துவாச்சாரியில் மாடி வீடுகளாக நிற்கிறது. குவாரி வாசலில் ஓர் எடைமேடை. அதன் பக்கத்தில் தகரம் போட்ட ஓர் அறை. அந்த அறையில் நான். கல்லையும் ஜல்லியையும் ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நின்றால் என் முன்னாலிருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். முப்பத்தெட்டு டன் என்று காட்டும். நான் நடைச்சீட்டில் இருபத்தைந்து என்று எழுதுவேன். மிச்சப் பதின்மூன்று டன் அரசாங்கத்துக்குத் தெரியாமல் காட்பாடிப் பக்கம் போய்விடும். பதினேழு வருஷமாக இதைத்தான் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். குவாரியில் எல்லோரும் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லாரி வராத நேரத்தில் புத்தகம் படிப்பேன். எப்போதாவது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை அனுப்புவேன். இந்த இரண்டு பழக்கங்களும் இல்லாமலிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

சங்கத்தில் இருநூறு பேருக்குக் கொஞ்சம் மேல். மாதச் சந்தா முப்பது ரூபாய். சனிக்கிழமை சம்பள வரிசையில் நிற்கும்போதே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்பார். சம்பளம் வாங்கிய கை மடங்குவதற்குள் முப்பதை வாங்கிவிட வேண்டும். சந்தாவுக்குப் பலனாக மாநாடு, தட்டி, கொடி எல்லாம் உண்டு. ஆனால் அதற்காக யாரும் சந்தா கட்டவில்லை. உறுப்பினர் செத்துப்போனால் குடும்பத்துக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று ஒரு விதி இருந்தது. மரண நிவாரண நிதி. வெடியிலும் சரிவிலும் கல் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஒரு விதி போதும். அதற்கு ஒரு வால் இருந்தது: சாகும் தேதியில் ஆறு மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி இருக்கக் கூடாது.

எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்குப் பெரிய ஆடிட்டர் தேவையில்லை. உறுப்பினர்களில் இரண்டு பேர் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பார்த்து என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் பல வருஷமாகக் கையெழுத்துப் போட்டுவந்தார்கள். பொதுக்குழுவன்று ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரும். ஒரு கையில் பேடா, மறுகையில் பேனா. கணக்குப் புத்தகத்தின் சில பக்கங்களில் நெய்க்கறை இன்னும் இருக்கிறது.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியை ஒரு லாரி டிரைவர் நிறுத்தினார். போன தேர்தலில் தோற்றவர். சங்கம் இரண்டு வருஷமாக ஆண்டறிக்கை தாக்கல் செய்யவில்லை, பொருளாளர் கையாடல் செய்கிறார் என்று தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டுவிட்டார். பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது.

தலைவர் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக எடைமேடைக்கு வந்தார். பாறையில் வெடி வைக்கிறவர். இடது காது போய் இருபது வருஷம். அதனால் கூட்டங்களில் அவருக்கு வேண்டாதவர்களை இடது பக்கம் உட்காரவைப்பது வழக்கம்.

"ரைட்டரே, நீ படிச்சவன். இத கொஞ்சம் சரி பண்ணிக் குடு."

"நான் எடை எழுதறவன் தலைவரே. எனக்கு இன்னா தெரியும்?"

"எடை எழுதறவனுக்குத் தெரியாத கணக்கா? நீ எழுதிக் குட்த்தா கவர்மெண்டே நம்புது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ரசீதுப் புத்தகங்கள், ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பொருளாளரே கொண்டுவந்து வைத்தார். அவரை எல்லோரும் பாய் என்போம். இளவயதில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்துவிட்டுக் குவாரிக்கு வந்தவர். கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். பாறையில் துளை போடும் இயந்திரத்துக்குக் காற்று கொடுப்பது கம்ப்ரஸர். துளை போடுகிறவரும் காற்றுக் கொடுக்கிறவரும் எப்போதும் ஜோடி. பாயின் ஜோடி, எங்கள் குவாரியின் மூத்த டிரில்லர். இருபத்திரண்டு வருஷம் இவர் காற்றுக் கொடுத்தார், அவர் துளை போட்டார், துளையிலிருந்து வந்த தூசியை அவர் மூச்சாக இழுத்தார். இரண்டு வருஷமாக அவர் வேலைக்கு வருவதில்லை. முதலில் டிபி என்று மாத்திரை சாப்பிட்டார். பிறகு, டிபி இல்லை, நெஞ்சு முழுக்கக் கல் தூசி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மாத்திரை இல்லை.

பெட்டியை வைத்துவிட்டுப் பாய் சொன்னார்: "பாத்து எழுது தோஸ்த். ஒரு பைசா வெளிய போவல. அது மட்டும் கேரண்டி."

கையாடல் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். படிப்பில் இதுவும் ஒரு கஷ்டம். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது.

மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பேடாவுக்கு ரசீது இருந்தது. மைக் செட்டுக்கு இருந்தது. ஒரு செலவுக்கு மட்டும் எதுவுமே இல்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்வரப் பொருளாளருக்குப் பஸ் செலவு, ஒரு நடைக்கு அறுபது ரூபாய், மாதம் இரண்டு நடை. பதினான்கு மாதமாக ஒரு டிக்கெட்கூட ஒட்டப்படவில்லை. இது முதல் துப்பு. இரண்டாவது துப்பு கிடைத்தபோது, நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் அந்த நூற்றிருபது ரூபாய் செலவு எழுதப்பட்ட அதே தேதியில், நான்கு பேர் பெயரில் தலா முப்பதுக்கு ரசீது போடப்பட்டிருந்தது. நான்கு பேருமே வேலைக்கு வராதவர்கள். சம்பள வரிசையில் நிற்காதவர்கள் எப்படிச் சந்தா கட்டினார்கள்?

நான் புரிந்துகொண்டது இது: பாய் தேர்தலுக்காகப் போலி ஓட்டுச் சேர்க்கிறார். சந்தா பாக்கியில்லாத உறுப்பினருக்குத்தான் ஓட்டு. வராத ஆளுக்கு ரசீது போட்டு வைத்தால் தேர்தலன்று அந்த ஓட்டை யாரோ போட்டுக்கொள்ளலாம். அதற்குச் சங்கப் பணத்தையே எடுத்திருக்கிறார். அழகான துப்பறியும் கதை. அதில் ஓட்டை ஒன்றுதான். அந்த நான்கு பேரும் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று நான் யோசிக்கவேயில்லை. எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை யோசிக்கவில்லை.

பாயைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எடைமேடையிலிருந்து கம்ப்ரஸர் நிற்கும் இடம் கூப்பிடு தூரம். கேட்டிருந்தால் அறிக்கை இரண்டு வரியில் முடிந்திருக்கும். நான் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அதில் நான்கு இடத்தில் சிரிப்பு வரும்.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிரஷர் ஷெட்டில் நடந்தது. இயந்திரம் ஓடாத நாளிலும் அங்கே தூசி அடங்காது. நாற்காலிகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தபோது எல்லோர் பின்பக்கமும் வெள்ளை. நான் மைக்கைப் பிடித்தேன். பேடா ரசீதைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். "சங்கத்தில் இனிப்புக்கு வவுச்சர் இருக்கிறது, பஸ்ஸுக்கு இல்லை. வவுச்சர் இல்லாத வார்த்தைக்குக் கணக்கில் இடமில்லை" என்றேன். கை தட்டினார்கள். மனுப் போட்ட டிரைவர் எழுந்து நின்று தட்டினார். எழுதுகிறவனுக்குக் கைதட்டல் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"வேலைக்கே வராமல் மாதம் தவறாமல் சந்தா கட்டும் நான்கு உத்தமர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்கிறேன், எழுந்து நில்லுங்கள், மாலை போடலாம்."

முதல் பெயரைப் படித்தேன். கொஞ்சம் சிரிப்பு வந்தது. இரண்டாவதில் குறைந்தது. மூன்றாவது, டிரில்லருடைய பெயர். யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நோயாளி பேர மைக்குல படிக்காதே ரைட்டரே."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தலைவர் வலது காதை அவர் பக்கம் திருப்பினார்.

"இன்னா பாய், பஸ்ல போனியா இல்லியா?"

"போவல. நம்ப லாரிலதான் போனேன். டிரைவருங்க துட்டு கேக்க மாட்டாங்க."

"அப்போ அந்த அறுபது?"

"அங்கயே எழுதியிருக்குது இல்ல. யார் பேர்ல ரசீது இருக்குதோ அங்க போச்சு. அவனுங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா வேணான்னுவானுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஷெட்டிலிருந்த மற்றவர்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் முன்பே விளங்கியிருந்தது. பாய் தன் பஸ் காசை நான்கு பேருடைய சந்தாவாக மாற்றி வைத்திருக்கிறார். வரிசையில் நிற்க முடியாதவனிடம் போய்ச் சந்தா கேட்கக் கூடாது என்பது குவாரியில் எழுதாத வழக்கம். கேட்காமல் விட்டால் ஆறு மாதத்தில் நிவாரண நிதி போய்விடும் என்பது எழுதின விதி. இரண்டுக்கும் நடுவே மாதம் இரண்டு தடவை ஜல்லி லாரியின் கேபினில் உட்கார்ந்து வேலூர் போய்வந்திருக்கிறார் அந்த மனிதர்.

நான் மைக்கைக் கீழே வைத்திருக்க வேண்டும். "தவறாகப் புரிந்துகொண்டேன்" என்று இரண்டு சொல் சொல்லக்கூடாதா? ஆனால் அறிக்கையில் இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி இருந்தது. டிரைவர் எழுந்து, "நோக்கம் எதுவா இருந்தாலும் தப்பு தப்புதான், நோட்டீஸ் இருக்குது, பதிவு போச்சுன்னா எவனுக்கும் நிதி கெடையாது" என்றார். அது பொய்யில்லை என்பதுதான் வம்பு. ஐம்பத்தாறு ரசீதுகளையும் ரத்து செய்வது, பஸ் செலவைப் பொருளாளர் திருப்பிக் கட்டுவது, நால்வருக்கும் பாக்கியைக் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்புவது என்று தீர்மானம் நிறைவேறியது. பாய் அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். என் பேனாவைத்தான் வாங்கி எழுதினார்.

மறுநாள் நான் ஒவ்வொரு ரசீதுப் புத்தகத்திலும் கடைசியாகப் பயன்படுத்திய தாளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து, எண்ணை எழுத்தாலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த எண்களின் பட்டியலை அறிக்கையோடு துறைக்கு அனுப்பினேன். இனி யாரும் முன்தேதி போட்டு ஒரு ரசீதும் கிழிக்க முடியாது. வீட்டில் மனைவியிடம் காட்டினேன்.

"தமாஷ் எழுதற ஆளு நீங்க. உங்கள யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றாள்.

கடிதம் போய் ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு டிரில்லர் எடைமேடைக்கு வந்தார். அவருடைய மச்சான் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டீ வாங்கப் போனான். லாரி எதுவும் இல்லை. பைக் நின்ற இடத்திலிருந்து என் அறைக்குக் குறுக்கு வழி எடைமேடை மேல்தான். பாதி வழியில் மூச்சு வாங்க அவர் மேடையிலேயே நின்றுவிட்டார். என் முன்னாலிருந்த பெட்டியில் சிவப்பு எண் ஓடியது. எங்கள் எடைமேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நாற்பது என்று காட்டி நின்றது. ஒரு காலத்தில் துளை போடும் ஜாக்ஹேமரைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை மேல் ஏறுகிற ஆள்.

அந்த எண் என் கண்ணில் படும் என்று அவருக்கும் தெரியும்.

"இன்னா ரைட்டரே, எத்தினி காட்டுது? எனக்கும் கம்மி போட்டுத்தான் எழுதப் போறியா?"

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான் அனுப்பிய கடிதத்தை எடுத்தார். அதற்குள் நான்காக மடித்த ஓர் ஐநூறு ரூபாய் நோட்டு.

"பதினாலு மாசம், நானூத்தி இருபதுன்னு போட்டிருக்கே. சரியா எழுதியிருக்கே. பாய் கட்டினான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவன செருப்பால அடிச்சிருப்பேன். புடி. மீதி எம்பது டீக்கு வெச்சிக்கோ."

"ணா, நான் வாங்கக் கூடாதுணா."

"ஏன், என் துட்டுல தூசியா?"

"ஐயோ, அதில்ல. நான் ஆடிட்டர். ஆடிட்டர் சங்கப் பணத்தக் கையால தொடக் கூடாதுன்னு விதி. பாய் ராஜினாமா பண்ணிட்டாரு. வர ஞாயித்துக்கெழம செயற்குழு, புதுப் பொருளாளர் வந்துடுவாரு. திங்கக்கெழம கட்டிடலாம். நீங்க வரவே வேணாம், நானே ஆள் அனுப்பறேன்."

"ரசீது புஸ்தகம் உங்கிட்டதானே கீது?"

"இருக்குதுணா. ஆனா கோடு இழுத்து மூடிட்டேன்."

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பாறையில் துளை எங்கே போட வேண்டும் என்று பார்க்கிற பார்வை.

"சரி, ரூல்னா ரூலு. ஆனா ஞாயித்துக்கெழம ரொம்ப தூரத்துல கீது ரைட்டரே."

மச்சான் டீயோடு வந்தான். பாதி குடித்தார். போகும்போது மேடையைச் சுற்றி, மண்பாதையில்தான் நடந்து போனார். அந்தப் பெட்டியை நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அல்லது மேடை ஏறவே முடியாமல் இருந்திருக்கலாம். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் போய்விட்டார்.

அவர் மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். காலை கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததாம். யாரோ போய்ச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது பாய் தெருவில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டை விரித்தார். குவாரி ஆட்கள் வரிசையாக வந்து போட்டார்கள். நான் இரண்டாயிரம் போட்டேன். துண்டில் அதுதான் பெரிய தொகை. போட்ட பிறகுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது. பாய் என்னைக் கூப்பிட்டு, யார் யார் எவ்வளவு என்று பட்டியல் எழுதச் சொன்னார்.

"நீ எழுதினா அழகா இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. முதல் பொருள், புதிய பொருளாளர் தேர்வு. டிரைவர் போட்டியின்றித் தேர்வானார். இரண்டாவது பொருள், நிவாரணம். தலைவர் என்னைத் தன் வலது பக்கம் உட்காரவைத்திருந்தார்.

"ரூல் இன்னா சொல்லுது ரைட்டரே?"

இந்த இடத்தில் நான் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை எடைமேடையில் நடந்தது மச்சானுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இந்தக் கதையில் ஏதாவது இருக்கிறதென்றால், நான் சொன்னேன் என்பது ஒன்றுதான். அதுவும் பயன்படவில்லை.

"செவ்வாக்கெழம பணத்தோட வந்தாரு. முழுப் பாக்கியும் கொண்டாந்தாரு. நான்தான் வாங்கல. அத கட்டினதா எடுத்துக்கணும்."

புதுப் பொருளாளர் தொண்டையைச் செருமினார்.

"வந்தாருன்னு வவுச்சர் கீதா?"

"நான் சொல்றேனே."

"நீதான ரைட்டரே சொன்னே, வவுச்சர் இல்லாத வார்த்தைக்குக் கணக்குல எடமில்லன்னு? நான்கூட எழுந்து நின்னு கை தட்டினேனே."

அவரை வில்லனாக எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் குரலில் கிண்டல் இல்லை. பயம்தான் இருந்தது. நோட்டீஸுக்கு நாங்கள் எழுதிய பதிலுக்குத் துறையிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. தணிக்கையாளரே ஆதாரமில்லாமல் ஒரு தொகையை வாங்கிக் கொடுத்தார் என்று நாளைக்கு இன்னொருவன் மனுப் போட்டால் பதிவு போகும், இருநூறு குடும்பத்தின் நிதி போகும். அவர் அதைச் சொன்னார். தலைவர் வலது காதாலேயே கேட்டுக்கொண்டார். துறையிடம் விளக்கம் கேட்டு எழுதுவது என்று முடிவாயிற்று. நான்தான் எழுதினேன். நான்கு மாதம் கழித்து வந்த பதிலில், இது சங்கத்தின் உள்விவகாரம், விதிப்படி செய்துகொள்ளவும் என்றிருந்தது. விதிப்படி செய்துகொண்டார்கள். மற்ற மூன்று நோயாளிகளின் பாக்கியை அவரவர் மைத்துனர்களும் மகன்களும் ஓடிவந்து கட்டிவிட்டார்கள். என் அறிக்கையின் நற்பயன் என்று தலைவர் அதை ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பாய் கம்ப்ரஸருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும். முடிவைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உன் கணக்கு கரெக்ட்டு தோஸ்த். அத நான் எங்க வேணாலும் சொல்வேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்கு ரசீது புஸ்தகம் மூடிட்டே, சரி. எட போடற சீட்டு இருந்துச்சு இல்ல? அது பின்னால, இவன் இன்ன தேதி துட்டு எட்த்துகினு வந்தான், நான் வாங்கலன்னு ரெண்டு வரி எழுதி அவன் கைல குட்த்திருந்தா?"

துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"நாள் முழுக்கப் பொய்ச் சீட்டா எழுதறே. ஒரு நெசச் சீட்டு எழுதறதுக்கு இன்னா பேஜார் உனக்கு?"

அவர் மறுபடி குனிந்து ஆயில் மாற்றத் தொடங்கினார். அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று அதற்குப் பிறகு பல லாரிகளை எடை போட்டபடி யோசித்திருக்கிறேன். சங்கக் கணக்கில் எனக்கு அவ்வளவு கண்டிப்பு வந்ததே அந்தச் சீட்டுகளால்தான் என்று தோன்றுகிறது. ஓரிடத்திலாவது சரியான எண்ணை எழுத வேண்டும் என்று பதினேழு வருஷமாக எனக்கு ஒரு பசி இருந்திருக்கிறது. அது டிரில்லர்மேல் போய் விழுந்தது. இதுவும் அழகான விளக்கம்தான். அந்த வீட்டுக்கு இதனால் பத்து ரூபாய் வராது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, கம்பெனி லீவு நாளில், டிரில்லரின் மனைவி எடைமேடைக்கு வந்தார். குவாரி ஓடாவிட்டாலும் லாரிக்கு ஞாயிறு கிடையாது. கையில் சாப்பாட்டுப் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ண்ணா, அவரு சட்டப் பையில இது இருந்துச்சு."

அதே நோட்டு. நான்காக மடித்தது. அதே கடிதத்துக்குள்.

"மருந்து வாங்கக்கூட இத எடுக்க வுடல. சங்கத்துக்குன்னு வெச்சது, தொடாதேன்னாரு. வியாழக்கெழம நைட்டுகூட திங்கக்கெழம எப்ப வருதுன்னு கேட்டாரு. புடிங்க."

"இத நீங்க வெச்சிக்கங்கமா. சங்கத்துல வாங்க முடியாது. நிதியும்..." என்று இழுத்தேன்.

"லெட்டர் போட்டாலும் நிதி வராதுன்னு பாய் சொல்ட்டாரு. அதுக்கு நான் வரல. பாக்கி வெச்சிட்டுச் செத்தான்னு மைக்குல அவரு பேர இன்னொரு தபா எவனும் படிக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

நான் கையை நீட்டவில்லை. அவர் நோட்டை என் மேசைமேல், நடைச்சீட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"ரசீது வேணாம்ணா" என்றார். வெளியே ஒரு லாரி மேடையேறி ஹாரன் அடித்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் அதைப் புதுப் பொருளாளரிடம் கொண்டுபோனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செத்தவரு பேர்ல எப்பிடி ரசீது போடறது? அடுத்த வருஷம் நீயே எழுந்து படிப்பே. நன்கொடைன்னு போடட்டுமா?"

"நன்கொடை இல்ல. சந்தா."

"அப்போ எடமில்ல ரைட்டரே."

திருப்பிக் கொடுக்க இரண்டு முறை அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். ஒருமுறை அவரை ஏற்றிப்போன கம்பெனி வேன் இன்னும் திரும்பவில்லை. இன்னொரு முறை இருந்தார், டீ கொடுத்தார், நோட்டைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

இன்னமும் நான்தான் தணிக்கையாளன். வேறு யாரும் முன்வரவில்லை. நானும் விலகவில்லை. விலகினால் தகரப் பெட்டியோடு சேர்த்து இந்த நோட்டையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அது எடைமேடை அறையில், என் மேசையின் இழுப்பறையில், அந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. வருஷா வருஷம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்த ஒரு வரி உண்டு: புத்தகத்தில் காட்டிய கையிருப்பு தவிரச் சங்கத்துக்குச் சேர வேண்டிய வேறு ரொக்கம் எவரிடமும் இல்லை. அதற்குக் கீழே இரண்டு தணிக்கையாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஆள் பாய். நான்தான் அவர் பெயரைச் சொன்னேன். பொதுக்குழு மறுக்கவில்லை.

இந்த வருஷமும் அவர் அந்த வரியைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் மேசை இழுப்பறையைப் பார்த்தார்.

"இல்லைன்னே போட்டுடட்டுமா?" என்றார்.

"போடுங்க பாய்" என்றேன்.

அவர் போட்டார். நானும் அழகாகப் போட்டேன்.